பழுதான பொதுப்பகுதிக்கு முழு வாடகை ஏன்?

நகரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதந்தோறும் செலுத்தும் தொகை, பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கும் சதுர அடிகளுக்கு மட்டும் உரியதன்று. தெருவாசல் தொடங்கி அந்தக் கதவுவரை ஏறிவரும் படிக்கட்டு, அதில் எரிய வேண்டிய விளக்கு, லிஃப்ட், நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார், கழிவுநீர்க் குழாய், குப்பை வைக்கும் இடம், மொட்டை மாடி, தீ விபத்தின்போது வெளியேறும் வழி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அடுக்குமாடியில் ஒரு வீடு. ஏழாவது மாடி வீட்டுக்கு லிஃப்டோடு சேர்த்துத்தான் வாடகை பேசப்படுகிறது. அந்த லிஃப்ட் மூன்று மாதம் ஓடாவிட்டாலும் வாடகையில் ஒரு ரூபாய் குறைவதில்லை. மூட்டுவலியுள்ள முதியவர் வீட்டுக்குள்ளேயே சிறைப்படுகிறார். தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் ஏழு மாடி ஏறுகிறார்கள். கருவுற்ற பெண் மருத்துவமனைக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போடுகிறார். வாடகை மட்டும் ஐந்தாம் தேதி முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கடையில் ஒரு கிலோ அரிசிக்குப் பணம் வாங்கிக்கொண்டு முக்கால் கிலோ நிறுத்தால் அது எடைமோசடி. அதற்குச் சட்டம் உண்டு, ஆய்வாளர் உண்டு, தண்டனை உண்டு. வாடகை வீட்டில் நாள்தோறும் நடக்கும் எடைமோசடிக்கு நாட்டின் பெரும்பகுதியில் பெயர்கூட இல்லை. பழுதுபட்ட பொதுப்பகுதிகளுக்கு ஏற்ப வாடகை குறைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை இவ்விடத்தில்தான் எழுகிறது. இதை நடுத்தர வர்க்கத்தின் வசதிப் பிரச்சனை என்று இடதுசாரி இயக்கம் ஒதுக்கிவிட முடியாது.

யாருடைய பிரச்சனை?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 சதவீதம் வாடகை வீடுகளில் வாழ்ந்தன. அதாவது இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அதே கணக்கெடுப்பில் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நகரங்கள் மேல்நோக்கி வளர்ந்தன. நொய்டா, குருகிராம், புனே, பெங்களூரு, ஹைதராபாத் புறநகர்களில் பத்து, இருபது மாடிக் கட்டடங்கள் எழுந்தன. தகவல் தொழில்நுட்ப ஊழியர், விநியோகத் தொழிலாளி, செவிலியர், ஒப்பந்த ஆசிரியர், ஆலைத் தொழிலாளி எனப் பலரும் இவற்றில் வாடகைக்குப் பகிர்ந்து குடியிருக்கிறார்கள்.

கூலியிலிருந்து வாடகைக்குப் போகும் பகுதி உயர உயர, உணவுக்கும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் மிஞ்சுவது சுருங்குகிறது. வீட்டுப் பிரச்சனையை எங்கெல்ஸ் 1872இல் தனி நூலாக எழுதியது தற்செயலன்று. ஆலையில் போராடிப் பெற்ற கூலி உயர்வை வாடகையின் வழியே மற்றொரு கை பறித்துக்கொள்ள முடியும் என்பதைத் தொழிலாளி வர்க்கம் தன் பட்டறிவால் அறியும். வாடகையை உயர்த்தாமலேயே, அதற்குக் கிடைக்க வேண்டிய வசதிகளைக் குறைப்பதும் அத்தகைய பறிப்பே. விலை மாறாமல் பொட்டலம் சிறுத்துப்போவதற்கு ஒப்பான மறைமுக வாடகை உயர்வு இது.

உயிர் தொடர்பான கேள்வியும் இதில் உண்டு. கொல்கத்தா பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் 2010 மார்ச் 23 அன்று மூண்ட தீயில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மொட்டை மாடிக்குச் செல்லும் கதவு பூட்டிக் கிடந்ததாக அன்று செய்திகள் வெளியாயின. மும்பை பேண்டி பஜாரில் 2017 ஆகஸ்ட் 31 அன்று ஹுசைனி கட்டடம் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நொய்டாவில் 2023 ஆகஸ்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்ட் விபத்தில் மூதாட்டி ஒருவர் இறந்தார். அதன் பின்னரே, 2024இல், உத்தரப் பிரதேசத்தில் லிஃப்டுகளுக்கென்று ஒரு சட்டம் பிறந்தது. மும்பையின் கோவண்டி, மான்கூர்டு மறுகுடியமர்வுக் கட்டடங்களில் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு, காற்றும் வெளிச்சமும் புகாத கீழ்த்தள வீடுகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது. கட்டடங்களுக்கு இடையே விடப்பட்ட குறுகிய சந்து குப்பை மேடாகும்போது சன்னலைத் திறக்க வழியில்லை. பொதுப்பகுதி சீர்கெட்டால் நோயும் சாவும் வீட்டுக்குள் நுழைகின்றன.

சட்டங்கள் சொல்வது என்ன?

இந்தியச் சட்டங்களில் இக்கேள்விக்கு விடையே இல்லை என்று கூற முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவிலேயே ஒரு வழி உள்ளது. உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பின்னும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 1958ஆம் ஆண்டின் டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 44ஆம் பிரிவில் இதே உரிமையை, ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற வரம்போடு வழங்கியது. மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வரம்பு ஆண்டு வாடகையில் நான்கில் ஒரு பங்கு. டெல்லிச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, நடைவழி விளக்கையும் படிக்கட்டு விளக்கையும் குடிநீர், மின்சாரத்தோடு ஒன்றாக வைத்து, அவற்றை இன்றியமையாத சேவைகள் என்று 1958லேயே வரையறுத்தது. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. நியாய வாடகை நிர்ணயிக்கப்பட்ட பின் இடமோ வசதிகளோ குறைந்தால், வாடகைக் குறைப்புக் கோரும் உரிமையை அதன் 5ஆம் பிரிவு அளித்தது.

இவ்வுரிமைகள் வானத்திலிருந்து விழவில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில், 1915இல், கிளாஸ்கோ நகரப் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டம் பிரிட்டனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பிறப்பித்தது. 1918இல் பம்பாயிலும் 1920இல் கல்கத்தாவிலும் வாடகைச் சட்டங்கள் வந்தன. நெருக்கடியும் கொந்தளிப்பும் ஒன்றுசேர்ந்த இடங்களில்தான் வீட்டு உடைமையின் கை சற்றே கட்டப்பட்டது.

நீதிமன்றமும் விகிதாசார வாடகைக் கோட்பாட்டை ஏற்றிருக்கிறது. ஸ்டீபன் கோர்ட் நிறுவனத்துக்கும் ஒரு வாடகைதாரருக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. மூன்று படுக்கையறைகளில் ஒன்றை உரிமையாளர் ஒப்படைக்கவே இல்லை. வாடகை முழுவதையும் நிறுத்திவிட வாடகைதாரருக்கு உரிமை இல்லை; ஆயினும் பெற்ற பகுதிக்கு ஏற்ற வாடகையே அவர் செலுத்த வேண்டியது என்று நீதிமன்றம் கூறியது. ஒப்படைக்காத அறைக்கு வாடகை இல்லையென்றால், ஓடாத லிஃப்டுக்கும் வராத தண்ணீருக்கும் வாடகை ஏன் என்பது அத்தீர்ப்பின் தருக்கம் தானாகவே எழுப்பும் வினா. அதே ஸ்டீபன் கோர்ட் என்ற பெயர், 44 ஆண்டுகளுக்குப் பின் தீக்கிரையான கட்டடத்தின் பெயராக மீண்டும் நாட்டின் முன் வந்தது.

மாதிரிச் சட்டத்தின் ஓட்டைகள்

நவீன தாராளமயக் காலத்தில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யப்பட்டன. டெல்லியில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம், மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய இடங்களைச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியேற்றியது. இன்று தலைநகரில் அத்தொகைக்கு என்ன கிடைக்கும் என்பதை எண்ணினால், சட்டத்தின் நிழலில் எஞ்சியிருப்போர் யார் என்பது விளங்கும். தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, மாநிலங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று கோரியது. பூட்டிக் கிடக்கும் வீடுகளைச் சந்தைக்குக் கொண்டுவருவது என்ற பெயரில் அது முன்வைக்கப்பட்டது.

அச்சட்டத்தில் வாடகைதாரருக்குப் பயனுள்ள கூறுகள் சில இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பெங்களூருவில் இது சிறிய செய்தியன்று. ஆனால் பொதுப்பகுதிகளைப் பொறுத்தவரை சட்டத்தின் மூன்று இடங்களைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

முதலாவது, 15ஆம் பிரிவு. வாடகைதாரர்கள் தமக்குள்ளோ உரிமையாளரோடோ பகிர்ந்துகொள்ளும் பொது வசதிகளைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்பதை அது ஒப்பந்தத்திடமே விட்டுவிடுகிறது. 11 மாத ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவருபவர் யார்? வீடு தேடி அலைந்து, தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுத்து, சாதியும் மதமும் உணவுப் பழக்கமும் விசாரிக்கப்பட்டு, ஒருவழியாகச் சாவி கிடைக்கும் நாளில் கையெழுத்திடுபவருக்குப் பேரம் பேசும் வலிமை எங்கிருந்து வரும்? சமமற்ற இருவருக்கு இடையே ஒப்பந்தச் சுதந்திரம் என்பது வலியவரின் சுதந்திரமே.

இரண்டாவது, அதே பிரிவு வழங்கும் கழிவு உரிமை. உரிமையாளர் செய்ய மறுத்த பழுதுபார்ப்பை வாடகைதாரர் செய்து, மாத வாடகையில் பாதிக்கு மிகாமல் கழித்துக்கொள்ளலாம். குழாய் மாற்றவும் மின்கம்பி சீரமைக்கவும் இது உதவக்கூடும். மாதம் 12,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒருவர், மாதம் 6,000 ரூபாய் கழித்துக்கொண்டு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டை எப்படிச் சரிசெய்வார்? அந்த லிஃப்டைத் தொடும் அதிகாரமும் அவருக்கு இல்லை. உரிமையாளரின் பொறுப்புகளைப் பட்டியலிடும் இணைப்பு, கட்டமைப்புப் பழுது, சுவர்ப்பூச்சு, குழாய், மின்கம்பி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. லிஃப்ட், பொது மோட்டார், குப்பை அகற்றல் ஆகியவற்றின் பெயர் அதில் இல்லை. வீடு வாழத் தகுதியற்றுப் போனால் 15 நாள் அறிவிப்பு கொடுத்து வெளியேறலாம் என்பது சட்டம் காட்டும் இறுதி வழி. பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளை வைத்துக்கொண்டு வெளியேறுவதை உரிமை என்று அழைப்பது கசப்பான நகைச்சுவை.

மூன்றாவது, 20ஆம் பிரிவு. நடைவழி விளக்கு, லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, துப்புரவு, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றை இன்றியமையாச் சேவைகள் எனப் பெயர் சொல்லி, அவற்றைத் தடுத்துவைக்கக் கூடாது என்று அது தடை விதிக்கிறது. வாடகைதாரர் பற்றிக்கொள்ள வேண்டிய வலுவான பிடி இதுவே. எனினும் சட்டம் பேசுவது தடுத்துவைத்தலைப் பற்றி. அலட்சியத்தால் பழுதாகிக் கிடக்கும் லிஃப்டை ‘யாரும் தடுத்துவைக்கவில்லை, உதிரிபாகம் வரவில்லை’ என்று கூறித் தப்பும் சந்து அங்கே திறந்திருக்கிறது.

மறுபுறத்தைப் பார்த்தால் சட்டத்தின் சார்பு துலங்கும். காலம் முடிந்தும் வீட்டைக் காலி செய்யாத வாடகைதாரர் முதல் இரண்டு மாதங்களுக்கு இருமடங்கும், அதன் பின் நான்கு மடங்கும் வாடகை செலுத்த வேண்டும். வாடகைதாரரின் தவறுக்கு நான்கு மடங்கு என்று துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்த சட்டத்துக்கு, உரிமையாளரின் தவறுக்கு வாடகையில் எத்தனை சதவீதம் குறையும் என்று கணக்கிடத் தெரியவில்லை.

பந்து போல உருளும் வாடகைதாரர்

அடுக்குமாடிகளில் சிக்கல் இன்னும் ஒரு சுற்று இறுகுகிறது. பொதுப்பகுதி வீட்டு உரிமையாளர் ஒருவருக்கு மட்டும் சொந்தமன்று. அனைத்து உரிமையாளர்களுக்கும் பொதுவானது. சங்கமோ கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமோ கட்டுமான நிறுவனமோ அதைப் பராமரிக்கிறது. லிஃப்ட் ஓடவில்லை என்று வீட்டுக்காரரிடம் முறையிட்டால் சங்கத்திடம் பேசச் சொல்கிறார். சங்கத்திடம் சென்றால், ‘நீங்கள் உறுப்பினர் இல்லை, உரிமையாளரை வரச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். பல இடங்களில் மாதப் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துபவர் வாடகைதாரரே. செலவுக் கணக்கைப் பார்க்கவோ பொதுக்குழுவில் கைதூக்கவோ அவருக்கு உரிமையில்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் படிக்கட்டு, லிஃப்ட், தீ வெளியேற்ற வழி, நீர்த்தொட்டி, மோட்டார் என்று பொதுப்பகுதிகளை விரிவாக வரையறுக்கிறது. அதே சட்டம், வீட்டை வாடகைக்குப் பெற்றவர் ‘ஒதுக்கீடு பெற்றவர்’ ஆக மாட்டார் என்று தெளிவாக விலக்கியும் வைக்கிறது. படிக்கட்டு யாருடையது என்று சொல்லத் தெரிந்த சட்டம், அதில் நாள்தோறும் ஏறி இறங்குபவரை மறந்துவிட்டது.

வேறு நாடுகளின் பட்டறிவு, இக்கோரிக்கை கற்பனையன்று என்பதைக் காட்டுகிறது. ஜெர்மனியின் உரிமையியல் சட்டத்தொகுப்பு 536ஆம் பிரிவின்படி, குடியிருப்பின் பயன்பாட்டைக் குறைக்கும் குறைபாடு நீடிக்கும் காலத்துக்கு வாடகை சட்டப்படியே குறைந்துவிடுகிறது. அற்பக் குறைகளுக்கு இது பொருந்தாது, குறையை உடனே தெரிவிப்பது வாடகைதாரரின் கடமை. நியூயார்க் மாநிலத்தில் 1975இல் இயற்றப்பட்ட பிரிவு, வாழத்தகுந்த நிலையில் வைத்திருக்கும் கடமையை வீட்டோடு நிறுத்தாமல், பிற குடியிருப்போருடன் பகிர்ந்துகொள்ளும் பகுதிகளுக்கும் விரிக்கிறது. அம்மாநிலத்தில் வாடகை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கட்டடங்களில், பொதுச் சேவைகள் குறைந்தால் குடியிருப்போர் கூட்டாக மனுச் செய்து வாடகைக் குறைப்பு ஆணை பெறலாம். முதலாளித்துவ நாடுகளிலேயே நடைமுறையில் உள்ள ஓர் உரிமை இது. அந்நாடுகளின் வாடகைதாரர் இயக்கங்கள் போராடி அதைப் பெற்றன, காத்தும் வருகின்றன.

சிறு உரிமையாளரும் பராமரிப்புத் தொழிலாளியும்

இக்கோரிக்கையை முன்வைக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு நேர்மையாக விடையளிக்க வேண்டும்.

ஒன்று, சிறு உரிமையாளர் பற்றியது. வாழ்நாள் சேமிப்பையும் ஓய்வுக்காலப் பணத்தையும் போட்டு வாங்கிய ஒரே வீட்டை வாடகைக்கு விட்டு வாழும் ஓய்வூதியரும், வளைகுடா நாட்டில் உழைத்து ஊரில் ஒரு வீடு வாங்கியவரும் வீட்டுக்காரர்களே. லிஃப்ட் ஓடாததற்கு அவர்கள் நேரடிக் காரணம் இல்லாமல் இருக்கலாம். வாடகை குறைந்தால் கடன் தவணை தடுமாறும். ஆகவே, குறைத்துக் கொடுத்த வாடகையைக் கட்டுமான நிறுவனத்திடமிருந்தோ பராமரிப்பு நிறுவனத்திடமிருந்தோ சங்கத்திடமிருந்தோ ஈடுசெய்துகொள்ளும் உரிமையைச் சட்டம் அவருக்கு வழங்க வேண்டும். அப்போது வாடகைதாரரும் சிறு உரிமையாளரும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். பராமரிப்பு வைப்புநிதியை விழுங்கிய நிறுவனம் மறுபக்கத்தில் நிற்கும்.

இரண்டாவது கேள்வி அதைவிட முக்கியமானது. பராமரிப்பு என்பது யாரோ ஒருவரின் உழைப்பு. படிக்கட்டைக் கூட்டுபவர், இரவு முழுவதும் வாசலில் விழித்திருப்பவர், தொட்டியைக் கழுவுபவர் ஆகியோர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். துப்புரவுப் பணியில் பெரும்பாலோர் தலித்துகள். டெல்லி மோதி நகரில் 2018 செப்டம்பர் 9 அன்று ஓர் அடுக்குமாடி வளாகத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 5 தொழிலாளர்கள் மாண்டனர். கையால் மலமள்ளும் பணிக்குத் தடைவிதித்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் காக்கவில்லை. தூய்மையான பொதுப்பகுதி வேண்டும் என்ற கோரிக்கை, குறைந்த கூலிக்கு அதிக வேலை வாங்கும் சாட்டையாக மாறிவிடக் கூடாது. குறைந்தபட்சக் கூலி, வார விடுப்பு, பாதுகாப்புக் கருவி ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கும் வாடகைதாரர் சங்கமே வர்க்கக் கண்ணோட்டம் கொண்ட சங்கம்.

கோரிக்கைகளும் கடமைகளும்

மாநிலங்கள் வாடகைச் சட்டங்களைத் திருத்திவரும் இக்காலம் தலையிடுவதற்கு உரிய காலம். நிலமும் வாடகையும் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாதிரிச் சட்டத்தை வரிக்கு வரி ஏற்க எந்த மாநிலமும் கடமைப்பட்டதன்று. அவற்றில் கீழ்க்கண்ட திருத்தங்கள் இடம்பெற வேண்டும்.

1. பொதுப்பகுதிகளும் பொதுச் சேவைகளும் வாடகைக்கு விடப்பட்ட இடத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று சட்டம் அறிவிக்க வேண்டும். இதற்கு மாறான ஒப்பந்த வாசகம் செல்லாது என்றும் கூற வேண்டும்.

2. எந்தச் சேவை எத்தனை நாள் தடைப்பட்டால் வாடகையில் எத்தனை சதவீதம் குறையும் என்ற அட்டவணையை, மக்கள் கருத்தைக் கேட்டு மாநில அரசு வெளியிட வேண்டும். எழுத்துமூலம் புகார் அளித்த நாளிலிருந்தே குறைப்பு தொடங்க வேண்டும்.

3. அலட்சியத்தால் சேவை நின்றுபோவதும் சேவையைத் தடுத்துவைப்பதாகவே கருதப்பட வேண்டும்.

4. ஒரே கட்டடத்தின் வாடகைதாரர்கள் கூட்டு மனு அளிக்கவும், புகார் செய்தவரை ஓராண்டுக்கு வெளியேற்றவோ வாடகையை உயர்த்தவோ தடை விதிக்கவும் வகை செய்ய வேண்டும்.

5. பராமரிப்புக் கட்டணம் செலுத்தும் வாடகைதாரருக்குக் கணக்கைப் பார்க்கவும், பராமரிப்பு தொடர்பான கூட்டங்களில் வாக்களிக்கவும் உரிமை வேண்டும்.

6. லிஃப்ட், தீத்தடுப்பு, நீர்த்தொட்டி ஆகியவற்றின் ஆய்வுச் சான்று கட்டட வாசலில் ஒட்டப்பட வேண்டும். ஆய்வு செய்யப் போதிய பணியாளர்களை உள்ளாட்சி அமைப்புகள் நிரப்ப வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாடகையைத் தன்னிச்சையாக நிறுத்துவது வெளியேற்ற வழக்குக்கு வாசல் திறந்துவிடும் என்பதால் அவ்வழி ஆபத்தானது. தேதியிட்ட புகார்க் கடிதம், நாள் தெரியும் புகைப்படங்கள், கட்டடத்தில் உள்ள வாடகைதாரர் அனைவரின் கையெழுத்து, புதிய சட்டம் நடைமுறையில் உள்ள மாநிலங்களில் வாடகை ஆணையராகச் செயல்படும் துணை ஆட்சியர் நிலை அதிகாரியிடம் கூட்டு மனு ஆகியவை இன்றே எடுத்துவைக்கக்கூடிய படிகள். தனியாளாகச் சென்று கேட்பவரிடம் ‘பிடிக்காவிட்டால் காலி செய்யுங்கள்’ என்று சொல்வது எளிது. முப்பது குடும்பங்களிடம் அதைச் சொல்வது எளிதன்று.

நகரக் கிளைகள் ஆலை வாயிலிலும் அலுவலக வாயிலிலும் சந்திக்கும் தொழிலாளி, மாலையில் திரும்பிச் செல்வது ஒரு வாடகை வீட்டுக்கு. அவருடைய படிக்கட்டில் விளக்கு எரிகிறதா என்று கேட்கும் இயக்கமே அவருடைய நகரத்தில் வேர்பிடிக்கும். வாடகைதாரர் சங்கங்களை உருவாக்கும் பணியை, மாநாட்டுத் தீர்மானத்தின் இறுதிப் பத்தியிலிருந்து கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலுக்கு உடனே கொண்டுவர வேண்டும்.